ஏரியும் சேரியும் ஒரே பட்டியலில்: பள்ளிக்கரணை சொல்லும் நில வரலாறு

சென்னையில் மழை வலுக்கும் ஆண்டுகளில் எல்லாம் ஒரு சொல் தலைப்புச் செய்தியாகிறது: ஆக்கிரமிப்பு. ஏரியை ஆக்கிரமித்துவிட்டார்கள், ஆற்றங்கரையை ஆக்கிரமித்துவிட்டார்கள், சதுப்பு நிலத்தை ஆக்கிரமித்துவிட்டார்கள். ஆக்கிரமித்தவர் யார் என்று கேட்டால் தொலைக்காட்சி பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறது. கூவம் கரையில் தகரக் கூரை, தார்பாய், வாசலில் குடத்தோடு நிற்கும் ஒரு பெண். பின்னணியில் கண்ணாடி பதித்த பத்து மாடிக் கட்டிடம் தெரியும். கேமரா அதன்மேல் நிற்பதில்லை.

நகரத்தின் இயற்கை நிலங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது நம் வீடுகள்தான். ஆனால் எந்த நிலம் காக்கப்பட வேண்டியது, எந்த நிலம் காலியானது, யார் குடியிருப்பவர், யார் ஆக்கிரமிப்பவர் என்று வரைபடத்தில் கோடு போடும் அதிகாரம் யாரிடம் இருந்து வந்திருக்கிறது? இதைக் கேட்காமல் சூழல் பேசினால் அந்தப் பேச்சு நம் தலையில்தான் வந்து விடியும். தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம்.

ஆயிரம் ஆண்டுப் பட்டியல்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு பட்டியல் திரும்பத் திரும்ப வருகிறது. கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்களின் நிலத்தை அளந்து, அதில் வரி விதிக்க முடியாத நிலத்தைக் கழிக்கிறார்கள். கழிக்கப்படும் நிலங்கள் எவை? ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளர் குடியிருப்பு, சுடுகாடு. சோழர் ஆட்சியின் 'பொற்காலம்' பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை நின்று படிப்பதில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊர் வேறு, சேரி வேறு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு கல்வெட்டு போதும்.

நம் விஷயத்துக்கு இந்தப் பட்டியலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. குளமும் வாய்க்காலும் சேரியும் சுடுகாடும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அரசனுக்கு வரி தராத நிலம் என்பதுதான் அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு. பின்னாளில் புறம்போக்கு என்று அழைக்கப்பட்ட நிலங்களும் இந்த வகைதான். உழவும் விற்கவும் வரி போடவும் கூடாத, பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய நிலம். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என்று இன்றும் வருவாய்க் கணக்கில் இருப்பவை அவைதான். ஒரு காலத்தில் பொது என்று பொருள்பட்ட சொல், இன்று ஒரு மனிதனைத் திட்டுவதற்குப் பயன்படுகிறது. அந்தச் சொல் எப்படி இழிந்தது என்று பார்த்தால் நகரத் திட்டமிடலின் பாதி வரலாறு கிடைத்துவிடும்.

'பொது' என்ற சொல்லையும் நாம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பழைய ஏரிப் பாசனத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் குடிமராமத்தைக் கொண்டாடுகிறார்கள். கரையை வெட்டியது யார், மடையைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகள் எந்தச் சேரியைச் சேர்ந்தவர்கள், உடைப்பெடுத்த இரவில் மண்ணைச் சுமந்தது யார்? ஆங்கில அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தது. கரை உடையும் ஆபத்து என்றால் ஊரிலுள்ள உழைக்கும் மக்களை வேலைக்கு இழுத்து வர அது வழி செய்தது. உழைப்பு நம்முடையது, நீர் அவர்களுடையது. பொதுக் குளத்திலும் பொதுக் கிணற்றிலும் நீர் எடுக்கும் உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927-இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளியதே ஒரு போராட்டமானது. ஆகவே 'நம் முன்னோர் இயற்கையைக் காத்தார்கள்' என்று யாராவது தொடங்கினால், எந்த முன்னோர் என்று கேட்பது நம் கடமை.

செங்கல்பட்டின் தரிசு

பள்ளிக்கரணை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஒடுக்கப்பட்டோரின் நில உரிமை வரலாற்றில் இந்த மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. இங்கே மிராசு முறை வலுவாக இருந்தது. வேளாளரும் பார்ப்பனருமான மிராசுதார்கள் தாங்கள் உழும் நிலத்தோடு நிற்காமல், ஊர் எல்லைக்குள் இருந்த தரிசின் மீதும் உரிமை கொண்டாடினார்கள். தரிசைப் பண்படுத்திக்கொள்ள யாராவது தர்காஸ்து மனு போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. அவர்கள் உழாமல் போட்டு வைத்திருந்தாலும், உழைப்பவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடுத்தார்கள். காரணம் எளிது. பறையருக்குச் சொந்தமாக ஒரு காணி கிடைத்துவிட்டால் நாளைக் காலையில் பண்ணை வேலைக்கு ஆள் வராது.

1891-இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் இதையெல்லாம் எழுதி அரசுக்கு அறிக்கை அளித்தார். சேரியில் குடிசை போட்டிருக்கும் மனைகூட அவர்களுடையதில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையை அவர் பதிவு செய்தார். அதன் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒதுக்கும் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதுதான். வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்த நிலங்களின் பெரும்பகுதி பிற்பாடு யார் கைக்குப் போனது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் இரண்டு தோழர்கள் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள்.

பஞ்சமி நிலத்தைச் சதுப்பு நிலக் கட்டுரையில் ஏன் இழுக்கிறேன்? 'தரிசு', 'வீண்நிலம்' என்று அரசு எழுதிய நிலம் ஒருபோதும் காலியாக இருந்ததில்லை என்பதற்காகத்தான். தரிசு என்று எழுதினால் மிராசுதாருக்கு அது மேய்ச்சல் நிலம், எதிர்காலச் சொத்து. சேரிக்கு அது விறகும் கோரையும் நண்டும் மீனும். வருவாய்த்துறைக்கு அது வரி வராத வெற்றிடம். மூன்று பார்வைகளில் எது வரைபடத்தில் ஏறியது என்பது நமக்குத் தெரியும்.

ஏரியை மூடிய திட்டங்கள்

சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய குடியிருப்புத் திட்டங்களில் ஒன்று தியாகராய நகர். மாம்பலம் பகுதியில் நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியின் நீரை 1920-களில் வடித்துவிட்டுத்தான் அந்த நகர் எழுந்தது. இன்றைக்கு லட்சம் பேர் துணி எடுக்கும் தெருக்களுக்குக் கீழே ஏரி மண். நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப் பகுதியில்தான் நிற்கிறது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட மனைப் பிரிவுக்குப் பெயரே 'ஏரித் திட்டம்'. தான் எதன்மேல் கட்டுகிறோம் என்று அரசு மறைக்கக்கூட இல்லை.

இவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. அரசாணை இருந்தது, லே-அவுட் இருந்தது, பத்திரம் பதிவானது, ஆகவே அது 'நகர வளர்ச்சி'. ஏரிக்குள் வீடு கட்டுவது சட்டப்படி செய்தால் வளர்ச்சி. ஏரிக்கரையில் குடிசை போட்டால் குற்றம். நூறு ஆண்டுகளாக இதுதான் விதி.

1971-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழ்தான் பின்னர் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., சட்டபூர்வ அமைப்பானது. இன்னொன்று குடிசைப் பகுதிகள் சட்டம். அதன் பெயரிலேயே மேம்பாடு, அகற்றுதல் என்ற இரண்டு சொற்களும் இருந்தன. முதல் சட்டம் நகரத்தின் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம், திறந்தவெளி என்று வகை பிரித்தது. இரண்டாவது சட்டம் அந்த வகைகளில் அடங்காத மக்களைக் கையாண்டது. ஒரே ஆண்டில் வந்த இரண்டு சட்டங்களும் இரண்டு துறைகளின் கோப்புகளில் போய் உட்கார்ந்தன.

நில வகைப்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். முழுமைத் திட்டத்தில் ஒரு சர்வே எண்ணுக்கு என்ன நிறம் தீட்டப்பட்டிருக்கிறதோ அதுதான் அதன் விதி. விவசாயம் என்று இருந்தால் அடுக்குமாடிக்கு அனுமதி கிடைக்காது. ஆனால் நில வகை மாற்றம் என்று ஒரு கதவு இருக்கிறது. மனுப் போட்டு, கட்டணம் கட்டி, துறைகளின் தடையின்மைச் சான்று வாங்கினால் நிறம் மாறும். இந்தக் கதவைத் தட்ட வக்கீலும் பணமும் தொடர்பும் வேண்டும். கண்ணகி நகரில் குடியிருக்கும் ஒரு தூய்மைப் பணியாளர் நில வகை மாற்றத்துக்கு மனுப் போட்டதாக நாம் கேள்விப்பட்டதுண்டா?

கழிவெளி காலியிடமான கதை

பள்ளிக்கரணையைப் பழைய மக்கள் கழிவெளி என்றுதான் சொல்வார்கள். தாம்பரம், பரங்கிமலை, மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த நீரெல்லாம் தாழ்வான இந்த வெளிக்கு வந்து தேங்கும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் இங்கே சேர்கிறது. கிழக்கே கடலோர மணல்மேடு தடுப்பதால் நேராகக் கடலுக்குப் போகாது. ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். வரும் வழி பல, போகும் வழி ஒன்று. ஆகவே தண்ணீர் நின்று நிதானமாக வடிய அந்தப் பரந்த வெளி தேவை. பஞ்சு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுவது போலத்தான்.

1960-களில் இந்தச் சதுப்பு ஏறத்தாழ ஐயாயிரம் ஹெக்டேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். வரைபடத்தில் அது வீண்நிலமாகக் கிடந்ததால், யாருக்கு என்ன தேவை என்றாலும் இங்கே வெட்டிக் கொடுக்க முடிந்தது. மாநகராட்சிக்குக் குப்பை கொட்ட இடம் வேண்டுமா, பெருங்குடி. கழிவுநீர் சுத்திகரிக்க வேண்டுமா, அதன் பக்கத்தில். கடல் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம், பறக்கும் ரயில், பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலை என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. 2000-க்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்பச் சாலையானபோது நிலத்தின் விலை எகிறியது. வீண்நிலம் திடீரென்று தங்கமானது.

குப்பைமேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெருங்குடியில் நகரத்தின் பாதிக் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்தது. 2022 ஏப்ரலில் அது நாள்கணக்கில் பற்றி எரிந்தது. அந்தக் குப்பையை அள்ளி வந்தவர்கள், அதில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிப் பிழைத்தவர்கள், அந்தப் புகையை மிக அருகில் சுவாசித்தவர்கள் யார்? நகரத்தின் கழிவையும் அதைச் சுமக்கும் சாதிகளையும் ஒரே இடத்துக்குத் தள்ளுவது ஊரில் சுடுகாட்டை ஒட்டிச் சேரியை வைத்த அதே ஏற்பாடு. ஊர் பெரிதாகிவிட்டது, ஏற்பாடு மாறவில்லை.

சுற்றுவட்டாரக் குடியிருப்போரும் சூழல் ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர்களின் உழைப்பை நாம் மதிக்க வேண்டும். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2008-இல் வந்த சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது முழுமைத் திட்டம் பள்ளிக்கரணை சதுப்பைக் கட்டுப்பாடுள்ள பகுதியாகக் குறித்தது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, ராம்சர் தலமாக, 1,247 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. மிஞ்சியிருக்கும் கால்பங்குக்காவது ஒரு வேலி கிடைத்தது.

ஆற்றைக் காக்கச் சதுப்பில் குடியேற்று

இதே காலத்தில் இதே நிலத்தில் இன்னொரு வேலை நடந்தது. சதுப்பின் கரைகளில் குடிசை மாற்று வாரியம் நகரத்தின் ஏழைகளைக் கொண்டுவந்து கொட்டியது. 2000-இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் மடுவை ஒட்டிக் கண்ணகி நகர். பிறகு செம்மஞ்சேரி, 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களும் அங்கே அனுப்பப்பட்டன. அதன்பின் பெரும்பாக்கம், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடி அடுக்குகள். இவை சேர்ந்து நாட்டின் மிகப்பெரிய மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஒன்றாகிவிட்டன. இங்கே வசிப்பவர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்கள்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? கூவம் கரை, அடையாறு கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை. ஏன் அகற்றப்பட்டார்கள்? ஆறுகளை மீட்க, நீர்நிலைகளைக் காக்க. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த அகற்றல் வேகமெடுத்தது. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற குடும்பங்களிடம், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். இறக்கிய இடம் வெள்ளம் தேங்கும் வெளி.

யோசித்துப் பாருங்கள். ஓர் இயற்கை நிலத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி மக்களை அகற்றி, இன்னோர் இயற்கை நிலத்தின் விளிம்பில் வீடு கட்டிக் குடியேற்றுகிறது அரசு. அடையாற்றின் கரை தாழ்வானது, ஆபத்தானது என்றால் செம்மஞ்சேரி என்ன மலையா? 2015-இல், 2020-இல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தப் பகுதிகள் நீரில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் அரிசியையும் பிள்ளைகளின் புத்தகத்தையும் மேல்மாடி வீட்டில் கொண்டுபோய் வைப்பது அங்கே மழைக்காலத்துப் பழக்கமாகிவிட்டது. வேலை நகரத்துக்குள், வீடு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை விட்டார்கள், நடுவில் இடம் மாறிய பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள். சமூகவியலில் இதை இடப் பிரிவினை என்று படித்தோம். நம் பாட்டிகள் இதற்கு வைத்திருந்த பெயர் சேரி.

இப்படித்தான் செய்ய முடியும் என்பதும் உண்மையில்லை. 1970-களில் இதே குடிசை மாற்று வாரியம் நகரத்துக்குள்ளேயே, மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தந்தது. 1977-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டத்தில், இருந்த இடத்திலேயே குடிசைப் பகுதிகளை மேம்படுத்தி உரிமை வழங்கும் முறை நடைமுறையில் இருந்தது. அந்த வழி தெரியாமல் கைவிடப்படவில்லை. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியதும் கைவிடப்பட்டது.

ஒரே கோடு, இரண்டு விதி

இப்போது கணக்கைச் சேர்த்துப் பார்ப்போம். சதுப்பின் மேல் மூன்று வகையானவர்கள் இருக்கிறார்கள். முதலாவது அரசு: குப்பைமேடு, சாலை, ரயில், ஆராய்ச்சி நிறுவனம். இரண்டாவது பட்டாவும் திட்ட அனுமதியும் வைத்திருக்கும் கட்டுமான நிறுவனங்களும் அவர்களிடம் வீடு வாங்கிய நடுத்தர வர்க்கமும். மூன்றாவது அரசே கொண்டுவந்து அமர்த்திய மக்களும் ஆங்காங்கே குடிசை போட்டவர்களும். பரப்பளவில் அதிகம் எடுத்தது முதல் இருவர். ஆக்கிரமிப்பு என்ற சொல் விழுவது மூன்றாமவர் மேல்.

2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தபோதும் இதுதான் நடந்தது. சட்டத்தின் நோக்கம் சரியானது. ஆனால் ஜே.சி.பி. இயந்திரம் எளிதில் நுழையும் தெரு எதுவோ அங்கேதான் முதலில் நுழைகிறது. நீதிமன்றத் தடை வாங்க வசதி உள்ளவர் வீடு நிற்கிறது, வசதி இல்லாதவர் வீடு ஒரே காலையில் தரைமட்டமாகிறது.

சதுப்பின் எல்லை எது என்பதே இன்றைக்கும் தகராறாக இருக்கிறது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், களத்தில் எல்லை அளந்து முடிக்கும்வரை புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்றது. அதைத் தொடர்ந்து பெரிய அடுக்குமாடித் திட்டங்களுக்குக் கிடைத்த அனுமதிகள் பற்றிக் கேள்விகள் எழுந்து உயர்நீதிமன்றம் வரை போயின. அறிவித்து மூன்று ஆண்டுகள் கழித்தும் சர்வே எண் வாரியாக எல்லை தெளிவாகவில்லை என்றால், தெளிவின்மையால் லாபம் பெறுவது யார்? குடிசைக்கு எல்லை எப்போதும் துல்லியமாகத்தான் இருக்கிறது. கோடி ரூபாய்க் கட்டிடத்துக்குத்தான் எல்லை மங்கலாகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லை இறுதியாகும்போது, பாதுகாப்பு வளையத்தைக் காரணம் காட்டிப் பெரும்பாக்கத்து மக்களையும் கண்ணகி நகர் மக்களையும் மறுபடி அகற்றலாம் என்று யாராவது தொடங்கக்கூடும். ஆற்றங்கரையிலிருந்து சதுப்புக்கு, சதுப்பிலிருந்து அடுத்த பள்ளத்துக்கு. மூன்றாவது முறையும் மூட்டை கட்ட எந்தக் குடும்பத்தாலும் முடியாது.

நமக்கு எதற்கு இந்தச் சதுப்பு?

நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, நாரைக்கும் பூநாரைக்கும் நாம் ஏன் கொடி பிடிக்க வேண்டும்? சூழல் என்பது மேல்சாதிக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குதானே? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பறவையைப் படம் எடுக்க வருபவர்கள் பக்கத்துக் குடியிருப்பில் வடியாத சாக்கடையைப் படம் எடுப்பதில்லை.

இருந்தாலும் அந்த முடிவு தவறு. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்பதுதான் நம் நிலவரைவு. பள்ளத்தில் இருப்பவனுக்குத்தான் வடிகால் தேவை. சதுப்பு சுருங்கினால் மேட்டில் இருப்பவர் காருக்குள் தண்ணீர் போகும், நமக்கு வீட்டுக்குள் போகும். அவருக்குக் காப்பீடு உண்டு, நமக்கு நிவாரண வரிசை. சதுப்பைக் காப்பாற்றுவது கண்ணகி நகரின் தரைத்தளத்தைக் காப்பாற்றுவது. இந்தக் கோரிக்கையை நாம் எடுக்காவிட்டால், நம்மை அப்புறப்படுத்துவதே சூழல் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் கையில் அது போய்விடும்.

ஏரியையும் சேரியையும் ஒரே பட்டியலில் வைத்தவர்கள் அவர்கள். வருமானம் தராத நிலம், கணக்கில் வராத மக்கள் என்று இரண்டையும் ஒரே பேனாவால் எழுதினார்கள். இரண்டையும் தேவைப்படும்போது எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் மீட்பும் சேர்ந்துதான் நடக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டம் தயாராகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எந்த நிலத்துக்கு என்ன நிறம் என்று முடிவாகும் நேரம் இது. கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தால் நாம் போக வேண்டும். போய் என்ன கேட்பது?

ஒன்று, பள்ளிக்கரணை உட்பட எல்லா நீர்நிலைகளின் எல்லையும் சர்வே எண் வாரியாகத் தமிழில், யாரும் பார்க்கும் வகையில் வெளியிடப்பட வேண்டும். அதே வரைபடத்தில் பஞ்சமி நிலங்களும் குறிக்கப்பட வேண்டும். நில வகை மாற்றத்துக்கு வரும் ஒவ்வொரு மனுவிலும் அந்தச் சர்வே எண் பஞ்சமியா, நீர்நிலையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு, ஆக்கிரமிப்பு அகற்றல் என்றால் பரப்பளவில் பெரியதிலிருந்து தொடங்க வேண்டும். அரசுத் துறைகளும் நிறுவனங்களும் பிடித்திருக்கும் சதுப்பு எவ்வளவு என்று அறிவிக்காமல் ஒரு குடிசையிலும் கை வைக்கக் கூடாது.

மூன்று, ஆற்றங்கரையில் உண்மையிலேயே ஆபத்தான இடத்தில் இருப்பவர்களுக்கு அதே பகுதியில், பிழைப்புக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் வீடு. முழுமைத் திட்டத்திலேயே ஒவ்வொரு பகுதியிலும் ஏழைகளின் வீட்டுக்கு நிலம் ஒதுக்கி நிறம் தீட்ட வேண்டும். பூங்காவுக்கு இடம் இருக்கும் நகரத்தில் தூய்மைப் பணியாளருக்கு இடம் இல்லை என்பதை ஏற்க முடியாது.

நான்கு, ஏற்கெனவே பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்ட மக்களை இனி அசைக்கக் கூடாது. அவர்களுக்கு வடிகால், மருத்துவமனை, பேருந்து, விற்பனைப் பத்திரம். சதுப்பை மீட்கும் பணிகளில், ஒக்கியம் மடுவைப் பராமரிக்கும் வேலைகளில் அங்குள்ள இளைஞர்களுக்கு நிரந்தர வேலை. கையுறையும் கூலியும் கௌரவமும் உள்ள வேலை. இலவச உழைப்பாகக் குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவர நாம் சம்மதிக்க முடியாது.

ஐந்து, சதுப்பின் நிர்வாகக் குழுக்களில் வனத்துறை அதிகாரிகளோடும் ஆய்வாளர்களோடும் இந்தக் குடியிருப்புகளின் பெண்களுக்கும் இடம் வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து முதலில் ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தின் தேதி தெரிந்தவுடன் உங்கள் பகுதி அமைப்புகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் தெருவின் சர்வே எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம், ஏரிப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு எவை என்று 'அ' பதிவேட்டைப் பார்த்துக் குறித்து வையுங்கள். கோடு போடுகிறவர்கள் மேசையில் நம் காகிதமும் இருக்கட்டும்.

ஜெய் பீம்!